அசையாதவர்களுக்கும் ஒரு சுவர்

என் நாத்தனாரை வீட்டில் எறும்பு என்றுதான் கூப்பிடுவோம். அவள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு அறைக்கும் கூடத்துக்கும் நடந்தபடியே யோசிப்பாள். பல வருடம் மருந்துப் பெட்டிகளுக்கும் சோப்பு உறைகளுக்கும் வடிவமைப்புச் செய்தவள்.

ஒரு நாள் ஏதோ கண்காட்சிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஓர் அறையின் தரை முழுக்கத் தண்ணீர் போல வெளிச்சம். காலை வைத்தால் அலை விலகியது. நான் பயந்து ஓரமாக நின்றேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தாள், குதித்தாள், படுத்துக்கூடப் பார்த்தாள். காவலாளி வந்து, "மூடப் போறோம்மா, எழுந்திருங்க" என்று சொல்லும்வரை அந்த இடத்தை விடவில்லை.

திரும்பி வரும்போது பேருந்தில், "அண்ணி, நான் வரையற பெட்டியைப் பிரிச்ச கையோட குப்பையில போட்டுடறாங்க. அந்தத் தரை நம்மளைத் திரும்பிப் பாத்துச்சு, கவனிச்சீங்களா?" என்றாள்.

அதன் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. வேலை முடிந்து வந்தால் கதவைச் சாத்திக்கொள்வாள். கம்ப்யூட்டரைப் பார்த்துப் பார்த்துத் தானாகவே எல்லாம் கற்றுக்கொண்டாள். அவள் அறையில் அலமாரி நகர்ந்தது, கட்டில் நகர்ந்தது, கடைசியில் ஒரு சுவர் வெறுமையாயிற்று. மேலே புரொஜெக்டர், பக்கத்தில் ஒரு சின்னக் கேமரா. எதிரில் இருப்பவர் அசைந்தால் கேமரா அதைப் பார்த்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர், புரொஜெக்டர் சுவரில் காட்டுகிற பறவைகளுக்குச் சொல்லும்.

என் கணவர் வாசலில் நின்று கிண்டல் செய்வார். "ஒரு சுவத்துக்கு இத்தனை வயரா? கரண்ட் ஆபீஸை நம்ம வீட்டுக்கே மாத்திட்டாங்களா?"

"அண்ணா, கையைத் தூக்கு."

தூக்கினார். சுவரில் கம்பி மேல் உட்கார்ந்திருந்த பறவைகள் படபடவென்று எழும்பின. வாயைப் பிளந்தவர் சட்டென்று சுதாரித்துக்கொண்டார். "அதெல்லாம் சரி, இது சோறு போடுமா?"

"சோறு நீ போடு. நான் பறவை விடறேன்."

வேலையை விட்டுவிட்டாள். அதற்கு வீட்டில் நடந்த ரகளையை எழுதினால் அது தனிக் கதை. அவள் ஒரே பிடியாக நின்றாள். ஒரு மருத்துவமனையில், பக்கவாதம் வந்தவர்களுக்குக் கை கால் பயிற்சி கொடுக்கும் பிரிவுக்கு நடையாய் நடந்து, அங்கே காத்திருப்போர் அறையில் சுவரை வைக்க அனுமதி வாங்கினாள். நிர்வாகி அம்மா கறாரானவர். "ஒரு வாரம் பாப்போம். வர்றவங்களுக்குப் பிடிச்சா இருக்கட்டும். இல்லேன்னா திங்கட்கிழமை அங்க டி.வி. மாட்டிடுவேன்." இந்த ஒரு சுவர் நிலைத்தால்தான் வேறு இடங்களிலும் தனக்குக் கதவைத் திறப்பார்கள் என்பது எறும்புக்குத் தெரியும்.

முதல் நாள் துணைக்கு நானும் போனேன். சுவரோரம் வரிசையாக நாற்காலிகள். வந்தவர்கள் மெல்ல மெல்ல வந்தார்கள், உட்கார்ந்தார்கள், பெயரைக் கூப்பிட்டதும் உள்ளே போனார்கள். எதிர்ச் சுவரில் பறவைகள் கம்பி மேல் உட்கார்ந்தது உட்கார்ந்தபடியே இருந்தன. எல்லோரும் அதை ஏதோ படம் என்று நினைத்தார்கள்.

காவலாளி எட்டிப் பார்த்தார். "என்ன மேடம், பறவைங்கல்லாம் ஸ்ட்ரைக்கா?"

லாரி ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் தினமும் வருவார். வலது கை மடியில் கிடக்கும். அவர் தன் மனைவியிடம், "டி.வி. வெச்சா நியூஸாவது பாக்கலாம்" என்றார். எறும்பின் காதில் அது விழுந்தது. முகம் சுண்டிப்போனது.

அடுத்தடுத்த நாட்களும் அப்படியே போயின. ஊழியர்கள் விறுவிறுவென்று நடந்தால் பறவைகள் எழும்பின; நோயாளிகளுக்கு எழும்பவில்லை. எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று வயரை வயராகப் பிடுங்கிச் செருகினாள். ஒன்றிலும் குறையில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் அறைக்குள் போனேன். மருத்துவமனையில் வைத்ததைப் போலவே ஒன்று அங்கேயும் சுவரில் ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு சால்வையால் தன் வலது கையை உடம்போடு சேர்த்துக் கட்டியிருந்தாள். அவள் அப்படி அசையாமல் இருந்ததைப் பார்த்து ஓடிப்போய் அவள் தோளைத் தொட்டேன்.

"என்ன ஆச்சு?"

"பாருங்க அண்ணி." இடது கை விரல்களை லேசாக ஆட்டினாள். சுவரில் ஒன்றும் நடக்கவில்லை. "இந்தச் சுவரைப் பொறுத்தவரைக்கும் நான் இங்க இல்லவே இல்ல. இத்தனை நாள் இது முன்னாடி நின்னு குதிச்சது யாரு? நான். கையை வீசினது யாரு? அதுவும் நான்தான். என்னை மாதிரி ஆளுக்கு மட்டும்தான் இது செஞ்சிருக்கேன். முட்டாள், முட்டாள்."

"விட்டுடறியா?" என்று மெல்லக் கேட்டேன்.

"விடறதா? சால்வையை அவிழ்த்து விடுங்க, அது போதும்."

சின்ன அசைவையும் பார்க்கும்படி மாற்றினாள். இப்போது ஃபேன் காற்றில் திரை ஆடினாலே பறவைகள் பைத்தியம் பிடித்தாற்போல் பறந்தன. "உங்களையெல்லாம் யாரு கூப்பிட்டா?" என்று அவற்றைத் திட்டினாள். பிறகு கேமராவின் பார்வையைக் கத்தரித்தாள். திரையையும் கதவையும் விட்டுவிட்டு, உட்கார்ந்திருப்பவரின் மடியை மட்டும் அது பார்க்க வேண்டும். அத்தனை பறவையும் ஒன்றாக எழும்புவதை நிறுத்திவிட்டு, ஒரு நாற்காலிக்கு ஒரு பறவை என்று பிரித்தாள். சால்வையை மறுபடி கட்டிக்கொண்டு, இருட்டும்வரை என்னையும் என் கணவரையும் மாற்றி மாற்றி உட்காரவைத்தாள். "அண்ணா, மூச்சு விடு, ஆனா ஆடாதே." "உன் பறவைக்காக நான் மூச்சையும் விடணுமா?" என்று முனகிக்கொண்டே அவரும் சொன்னபடி உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை நாங்கள் போகும்போது டி.வி. பெட்டி வந்து இறங்கியிருந்தது. மாட்டுகிற ஆள் டிரில்லோடு நின்றார். "கொஞ்ச நேரம் பொறுங்க" என்று அவர் குறுக்கே போய் நின்று, வீட்டில் செய்த மாற்றங்களை அங்கிருந்த கம்ப்யூட்டரில் ஏற்றினாள் எறும்பு. நிர்வாகி அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

லாரிக்காரரும் மனைவியும் வந்து உட்கார்ந்தார்கள். சுவர் சும்மா இருந்தது. எறும்பு நகத்தைக் கடித்தாள். அவர் பெருமூச்சு விட்டு, மடியில் கிடந்த வலது கையைச் சரியாக வைக்கப் பார்த்தார். கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் எழும்பியது. சுவரில் ஒரே ஒரு பறவை இறக்கையை விரித்து மடக்கியது.

அவர் நிமிர்ந்தார். விரலை மறுபடி நகர்த்தினார். பறவை மறுபடி விரித்தது.

"ஏய், இங்க பாரு. இது என்னைத்தான் பாக்குது."

"உங்களை எதுக்குப் பாக்கணும்? அது என்னோடது" என்றாள் மனைவி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு. பக்கத்துப் பறவை தலையைத் திருப்பியது. "பாத்தீங்களா! உங்களுது அந்த வால் மொட்டைதான்."

"மொட்டையா இருந்தா என்ன? உன்னுது தூங்குமூஞ்சி."

அடுத்த நாற்காலியில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே தன் கையை மெதுவாக நகர்த்தினாள். உள்ளேயிருந்து லாரிக்காரரின் பெயரைக் கூப்பிட்டார்கள். "இருங்கம்மா, வரேன்" என்றார். இரண்டாம் முறை கூப்பிட்டும் அவர் எழுந்திருக்கவில்லை.

டிரில்காரர், "எங்க மாட்டணும் மேடம்?" என்று கேட்டார்.

"மருந்து கவுன்ட்டர்கிட்ட மாட்டுங்க" என்ற நிர்வாகி அம்மா எறும்பிடம் திரும்பினார். "இன்னும் ஒரு மாசம். அப்புறம் பேசலாம்."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அதற்குள் கடைசி நாற்காலிக்கு முன்னால் தரையில் குந்தி உட்கார்ந்துவிட்டாள். அங்கே இருந்தவரின் பறவை ஒரு நொடி தாமதமாக அசைகிறதாம்.