மீசை வைத்த மாயா ராஜா

பைபர் சிலை செய்கிற தொழிலில் பெருமையெல்லாம் டிசைன் போட்டவருக்கு, அரிப்பு மட்டும் நமக்கு. எத்தனை குளித்தாலும் போகாத அந்தக் கண்ணாடி இழைத் தூளோடு வளைகுடாவில் சொரிந்துகொண்டே குப்பை கொட்டிய சகோதரர்களே, உங்களுக்குத்தான் இது.

கஃபீல் யாரு?

ராஸ் அல் கைமாவில் எங்கள் பட்டறை. துபாயில் மூலைக்கு மூலை மால் முளைத்த சமயம், ஒரு மால் வாசலுக்கு மாயா ராஜா சிலை கேட்டார்கள். மாயா என்றால் மாயாஜாலம் இல்லை, அமெரிக்கக் கண்டத்தின் பழங்கால இனம்; அவர்களுடைய கோபான் என்கிற ஊரில் பதினாறு ராஜாக்கள் வரிசையாக ஆண்டார்களாம். அந்த வம்சத்தை ஆரம்பித்துவைத்த யாஷ் குக் மோதான் நம்ம ஆள். அவர் உள்ளூர்க்காரரே இல்லை, வெளியிலிருந்து வந்து ராஜாவானவர் என்று டிசைன் போட்ட வெள்ளைக்காரர் பூரித்துப்போய்ச் சொன்னார். எனக்கு வேறு கவலை. சிலை மால் வாசலில் ஏறினால்தான் லீவு என்றுவிட்டது கம்பெனி. அடுத்த மாதம் தங்கச்சி கல்யாணம், அவளுக்கு நான் ஒரே அண்ணன்.

கதையைப் பெயிண்டர் முருகேசனிடம் சொன்னேன். புதுக்கோட்டைக்காரன், வந்த அன்றைக்கே பாஸ்போர்ட்டைக் கஃபீல் கையில், அதாவது விசா கொடுத்த முதலாளி கையில், கொடுத்தவன். ரொம்ப யோசித்துவிட்டுக் கேட்டான்: "வெளியூர்லேர்ந்து வந்து ராஜாவே ஆயிட்டானா? அவனுக்குக் கஃபீல் யாருண்ணே?"

கண்ணாடி

டிசைன் படத்தில் ராஜாவின் கண்களைச் சுற்றி இரண்டு பெரிய வளையங்கள். அப்படியே செய்துவைத்தோம். நாகர்கோவில்காரரான சேஃப்டி ஆபீசர் சோதனைக்கு வந்தபோது எங்களில் ஒருத்தன் கண்ணிலும் பாதுகாப்புக் கண்ணாடி இல்லை. கம்பெனி கொடுத்ததைப் போட்டால் எதிரே நிற்பது ராஜாவா ராணியா என்றே தெரியாது, அவ்வளவு கீறல். எங்களை ஒரு பார்வை, சிலையை ஒரு பார்வை பார்த்தார். "இந்தப் பட்டறையில ரூல்ஸ் தெரிஞ்ச ஆளு இவரு ஒருத்தருதான், பாத்துக்கிடுங்க."

மீசை

மால் வாசலில் சிலையை நிறுத்தி, டச்சப்புக்கு முருகேசனை விட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் ராஜாவுக்கு முறுக்கு மீசை! மீசையில்லாத ஆளை எவன் ராஜா என்று நம்புவான் என்று என்னையே கேட்கிறான் பாவி. வெள்ளைக்காரர் முகம் சிவந்து, எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு முதலிலிருந்து பெயிண்ட் அடி என்றார். தங்கச்சி கல்யாணம் போச்சு.

அந்த நேரம் பார்த்து மால் முதலாளியான அரபி வந்தார், அங்கே எல்லோருக்கும் அவர் அர்பாப். சிலையைச் சுற்றி வந்தார், மீசையைப் பார்த்தார், வாய்விட்டுச் சிரித்தார். உடனே வெள்ளைக்காரர், இந்த மீசைக்காகத்தான் இத்தனை நாள் பாடுபட்டோம் என்றாரே பார்க்கலாம். சிலையை ஏற்றுக்கொண்டதாக அங்கேயே கையெழுத்தாகிவிட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, முருகேசனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

போகிற போக்கில் அர்பாப் தன் மேனேஜரிடம் ஏதோ சொன்னார். மேனேஜர் கீழக்கரைக்காரர், பாசமாக என் தோளில் கை போட்டார். "அர்பாபுக்கு மீசை ரொம்பப் புடிச்சிருச்சு தம்பி, மிச்சம் பதினஞ்சு ராஜாவையும் நீங்களே செஞ்சு குடுத்துட்டு ஊருக்குப் போங்க."

எங்கிருந்தோ வந்தவன் ஒரு வம்சத்தையே ஆரம்பித்துவைத்துவிட்டுப் போனான், அந்த வம்சத்துக்கு வரிசையாக மீசை வைத்துக்கொண்டிருந்த நான் என் தங்கச்சி கழுத்தில் தாலி ஏறியதைக் கேம்ப் ரூமில் சிடி போட்டுப் பார்த்தேன்.