உச்சிக்கு ஒரு சொல்

செம்பூரில் நாங்கள் இருந்த பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் பில்டர் எழுப்பப் போகும் புதுக் கட்டடத்துக்குப் பெயர் வைக்கும் வேலையைக் குடியிருப்போர் சொசைட்டி என்னிடம் ஒப்படைத்தது. தண்ணீர்த் தொட்டி கழுவுவதற்கே மூன்று கூட்டம் போடும் கமிட்டி, ஒரு காரியத்தை ஒரே ஆளிடம், அதுவும் ஒரு பெண்பிள்ளையிடம் விட்டது என்றால் எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உச்சி குளிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தேன்.

"பில்டருக்கு உச்சின்னு அர்த்தம் வர மாதிரி பேர் வேணுமாம் மாமி. இருக்கறவா முக்கால்வாசி நம்ம மனுஷா, தமிழ்ப் பேராத்தான் இருக்கணும்னு நான் அடிச்சுச் சொல்லிட்டேன். உங்களை விட்டா இங்க தமிழ் படிச்சவா யார் இருக்கா?" என்றார் செக்ரெட்டரி. கீழ்த்தளத்தில் எங்கள் மாடிப்படிக்குப் பக்கத்து வீடு அவருடையது. ஆபீஸில் சட்டதிட்டம் பார்த்தே ரிடையர் ஆனவர்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசும், படிக்கட்டில் இறங்கினால் ஹிந்திக்கு மாறிவிடும், தமிழ் எழுத்தைக் கண்டால் கோலத்தைப் பார்ப்பதுபோலப் பார்க்கும்.

பழைய கட்டடத்தில் தரைக்கு மேல் மூன்று மாடி. மூன்றாவதில், மொட்டை மாடிக்கு நேர் கீழே, நாங்கள். லிஃப்ட் கிடையாது. மழை பிடித்தால் ஹாலில் இரண்டு வாளி, படுக்கையறையில் ஒரு அண்டா. ஒவ்வொரு வருஷமும் மே மாதக் கடைசியில் நீலத் தார்ப்பாய் வாங்கி மேலே விரித்துக் கட்டுவோம். அந்தச் செலவில் பங்கு கேட்டால், "ஒழுகறது உங்காத்துலதானே" என்பார்கள். வெயில் காலத்தில் கூரை இறக்கும் சூட்டுக்குப் பங்கு கேட்க முடியாது. இத்தனைக்கும் நடுவில், "அவாளுக்கென்ன, உச்சாணிக் கொம்புல இருக்கா" என்று கேலி வேறு.

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து இடது கால் விளங்காமல் போனபிறகு நிலைமை மாறியது. டாக்டரிடம் போக வேண்டுமென்றால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கி இறக்க வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் கதவைத் திறந்து வேடிக்கை பார்ப்பார்கள். அவர் கண்ணை மூடிக்கொள்வார். கொஞ்ச நாளில் டாக்டரே வேண்டாம் என்றுவிட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்து டிராம்பே மலையைப் பார்ப்பதும், கடற்கழிப் பக்கமிருந்து வரும் காற்றை வாங்குவதும்தான் பொழுது. வருஷக்கணக்கில் தெருவை மிதிக்காத மனுஷர் ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"லிஃப்ட் மட்டும் வரட்டும். மேல் மாடிதாண்டி ராஜ மாடி."

இந்த ஆசையை அவராகக் கற்பனை பண்ணிக்கொள்ளவில்லை. கட்டடத்தை இடிக்கச் சம்மதக் கையெழுத்து வாங்க மேலே ஏறிவந்து, மூச்சு வாங்கி, எங்கள் வீட்டுத் தண்ணீரைக் குடித்துவிட்டு செக்ரெட்டரியே சொன்னார். "ஒழுகலும் வெய்யிலும் பட்டது நீங்க. புதுசு வந்தா உச்சி மாடி உங்களுக்குத்தான் மாமா. எழுதி வெச்சுக்கோங்கோ." நாங்கள் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. முப்பது வருஷம் ஒரே கட்டடத்தில் இருந்தவரிடம் யார் எழுதி வாங்குவார்கள்?

பெயருக்கு வருகிறேன். இரண்டு வாரம் நான் வேறு எதையும் நினைக்கவில்லை. முதலில் தோன்றியது முகடு. வீட்டோடு பிறந்த சொல். ஆனால் முகடு என்றதும் எனக்கு வாளி ஞாபகம்தான் வந்தது, அடித்துவிட்டேன். கொடுமுடி கம்பீரமாக இருந்தது. "அது ஈரோட்டுக்கு அந்தண்டை ரயில் நிக்கற ஊரோன்னோ" என்று இவர் சிரித்தார். உச்சம் விலைக்கும் ஜுரத்துக்கும் கோபத்துக்கும் உரியது, ஏறின வேகத்தில் இறங்கிவிடும், அதில் குடியிருக்க முடியாது. நுனியில் உட்கார்ந்தால் விழத்தான் வேண்டும். கடைசியில் இரண்டே மிஞ்சின. சிகரம், உச்சி.

சிகரம் கீழே நின்று கழுத்து வலிக்கப் பார்க்கிறவனின் சொல். விருது கொடுக்கும் மேடைகளில் அடிபட்டு அடிபட்டு மினுமினுப்பு ஏறிப்போனது. உச்சி அப்படியில்லை. பிறந்த குழந்தைக்கு எண்ணெய் வைக்கும் இடம் அது. வகிடு எடுக்கும் இடம், மத்தியானச் சூரியன் வந்து நிற்கும் இடம். யாருக்கும் தன் உச்சி தன் கண்ணுக்குத் தெரியாது. அது இருக்கிறது, அதற்கு மேலே யாரும் இல்லை, அவ்வளவுதான். இவரும் உச்சிக்கே ஓட்டுப் போட்டார். நாற்காலியில் சாய்ந்துகொண்டு நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தார், வாயில் கற்கண்டு போட்டுக்கொண்டவர் மாதிரி.

பொதுக்கூட்டம் காம்பவுண்டில் நடந்தது. இரண்டு பெயரையும் வாசித்துவிட்டு, உச்சிதான் வேண்டும் என்று நான் பேசினேன். வகுப்பெடுத்தேன் என்றே சொல்லலாம். கீழ்த்தளத்துக்காரர்கள் சிகரம் என்றார்கள். மராத்திக்காரருக்கும் ஷிகர் என்றால் புரியும், பில்டர் வாயிலும் நுழையும் என்பது அவர்கள் கட்சி. நான் விடவில்லை. அப்புறம் செக்ரெட்டரி எழுந்து, "ரெண்டுமே மாமி குடுத்த பேர்தானே! எது ஜெயிச்சாலும் மாமிதான் ஜெயிச்சா" என்று கைதட்டி ஆரம்பித்துவைத்தார். எல்லோரும் தட்டினார்கள். சிகரம் என்று முடிவாயிற்று. தோற்றவளுக்கு அவ்வளவு கைதட்டல் எதற்கு என்று எனக்குப் படவில்லை.

எங்கள் சொசைட்டியில் ஒரு வழக்கம். யார் விஷயம் தீர்மானமாகிறதோ அவர்கள் வீட்டுக் காபி. காபி வந்துவிட்டால் கூட்டம் முடிந்த மாதிரி, நாற்காலிகள் நகரும், பேச்சு கலையும். பெரிய பிளாஸ்க்கில் கொண்டுவந்திருந்த காபியை நான் டம்ளர் டம்ளராக ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது செக்ரெட்டரி கடைசி விஷயத்தை வாசித்தார். யாருக்கு எந்த மாடி என்பது பில்டர் பிளான்படி, ஆட்சேபணை உண்டா? அந்த நேரத்தில் நான் முதல் மாடி மாமியிடம் சர்க்கரை போடலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

கட்டி முடிக்கும்வரை ஐரோலியில் வாடகைக்கு இருந்தோம். பழைய பக்கத்து வீட்டார் யார் போன் பண்ணினாலும் இவர் கேட்பது ஒன்றுதான். "எத்தனை மாடி எழும்பித்து?" பத்து என்றால் முகம் மலரும். பதினைந்து என்றால், "அங்கேர்ந்து பார்த்தா மலைக்கு அந்தண்டைகூடத் தெரியுமோ என்னமோ" என்பார். இருபத்திரண்டில் நின்றது. அன்றைக்குப் பாயசம் வைக்கச் சொன்னார்.

அதற்கு மறுவாரம் பில்டர் ஆபீஸுக்கு நான் மட்டும் போனேன். சுவரில் ஒட்டியிருந்த படத்தில் எங்கள் பெயர் மூன்றாவது மாடியில் இருந்தது. பழைய ஆட்கள் எல்லோரும் ஏழாவதுக்குள். எட்டிலிருந்து உச்சிவரை விற்பனைக்கு. கீழ்த்தளத்து செக்ரெட்டரிக்கு ஏழாவது.

நேரே அவரிடம் போய் நின்றேன். அவர் கோபப்படவில்லை, தலைகுனியவும் இல்லை.

"மூணாவது மாடியில இருந்தேள். மூணாவது மாடி குடுத்திருக்கு. ஒரு படி குறைச்சிருந்தா கேளுங்கோ மாமி."

"அப்போ நீங்க?"

"நானா கேட்டேன்? கீழ பார்க்கிங் வந்துடுத்து. எங்கயாவது போட்டாகணுமே, மேல போட்டுட்டா."

வாழ்நாளெல்லாம் சொல்லுக்குச் சொல் வித்தியாசம் எடுத்துச் சொன்னவள், மூன்றுக்கு மூன்று என்ற கணக்கின் முன்னால் தோற்றுத் திரும்பினேன். வக்கீலைப் பார்த்தேன். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியிருக்கிறதே, நீங்களும் அங்கே இருந்திருக்கிறீர்களே என்றார். பெயர் வைக்கும் வேலையை எனக்கு ஏன் கொடுத்தார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. அழுகிற குழந்தை கையில் கிலுகிலுப்பையைக் கொடுப்பதில்லையா? அந்த ஆளை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை.

பெயரை உச்சியில் ராத்திரி எரிகிற எழுத்தில் வைத்திருக்கிறார்கள், தேவநாகரியில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. தமிழில் இல்லை. தமிழ் எழுத்துக்குத் தனியாக அச்சு செய்ய வேண்டுமாம். எங்கள் ஜன்னலுக்கு எதிரே கார்களை அடுக்கி ஏற்றி இறக்கும் இரும்புச் சட்டம் நிற்கிறது. டிராம்பே மலை இருந்த திசையில் ஒரு வெள்ளைக் காரின் அடிவயிறு தெரிகிறது.

இதையெல்லாம் இவரிடம் எப்படிச் சொல்வது? ஐரோலியில் எத்தனையோ முறை வாயெடுத்தேன். ஒவ்வொரு முறையும் அவர் முந்திக்கொண்டு, கட்டிலை எந்த ஜன்னல் பக்கம் போடலாம் என்று கேட்பார். பால் காய்ச்சிவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன்.

குடிவந்த அன்று சாமான் வண்டியை முன்னால் அனுப்பிவிட்டு இவரை டாக்ஸியில் கூட்டிவந்து, வாசலிலிருந்து சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தேன். வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை, காலையிலேயே ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தார். லிஃப்டில் நாங்கள் இரண்டு பேர்தான். பொத்தானை என் உடம்பால் மறைத்துக்கொண்டு அழுத்தினேன். அவர் கதவுக்கு மேலே மாறும் எண்ணையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றில் லிஃப்ட் நின்றது. கதவு திறந்தது. நான் நாற்காலியை நகர்த்தவில்லை, கை வரவில்லை.

அவர் இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்து நாற்காலியை ஓரமாக இழுத்துக்கொண்டார்.

"யாரோ ஏறப்போறா. வழி விடுடி, நமக்கு இன்னும் நிறைய மாடி இருக்கு" என்றார்.