முதல் பிடி அரிசி

பனச்சமூடு சுற்றுவட்டாரத்தில் எந்தக் கோயில் திருவிழாவுக்கும் சோமண்ணனின் மைக் செட்தான். சர்ச் திருநாளுக்கு மட்டும் தரமாட்டார். கமிட்டிக்காரர்கள் வந்து கெஞ்சினாலும், "எனக்க பெட்டி அங்க பேசாது" என்று அனுப்பிவிடுவார். அதோடு நின்றாலும் பரவாயில்லை. சர்ச்சில் வேறு ஒருவர் ஸ்பீக்கர் பெட்டி கட்டினால், சத்தம் அதிகம் என்று முதல் மனு கொடுப்பவரும் அவர்தான். சத்தத்தை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிற மனிதர் சத்தத்துக்கு எதிராக மனு எழுதுகிறாரே என்று ஊர் சிரிக்கும். அவர் சிரிக்கமாட்டார். கருவி வைத்து அளந்துவிட்டுத்தான் எழுதுவார்.

நான் அவருக்கு அடுத்த வீடு. பெயர் ப்ளோரன்ஸ், தையல் வேலை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு மதில். நாங்கள் லத்தீன் கத்தோலிக்கர்கள்தான், ஆனாலும் பலாச்சக்கையும் மீன்கறியும் வருடக்கணக்காக அந்த மதிலுக்கு மேலே போய் வந்துகொண்டுதான் இருந்தன.

அவருடைய கோபத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அவருடைய அக்காள் விலாசினி கடற்கரைக் கிறிஸ்தவப் பையன் ஒருவனைக் கட்டிக்கொண்டு போனாள். ஆறு மாதம் கழித்து இவர் பார்க்கப் போனார். முற்றத்தில் மீன் உலர்த்திக்கொண்டிருந்தவளை "விலாசினியக்கா" என்று மூன்று முறை கூப்பிட்டார். திரும்பவில்லை. உள்ளேயிருந்து மாமியார் "மரியா" என்றதும் திரும்பினாள். இதை என் கணவர் செலஸ்டினிடம் ஒரு தடவை சொன்னார்.

"ஆள வேணும்னா கொண்டு போட்டும் செலஸ்டினே. பேர எதுக்கு எடுத்தானுவ?"

செலஸ்டின் அந்தக் கேள்வியை அப்படியே வந்து என்னிடம் சொன்னார்.

செலஸ்டின் மீன் வண்டி ஓட்டியவர். மூன்று வருடத்துக்கு முன் உதியன்குளங்கரையில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, அப்படியே ஸ்டியரிங்கில் சாய்ந்துவிட்டார். அடக்கத்துக்குச் சோமண்ணன் வந்தார், சவப்பெட்டிக்குத் தோளும் கொடுத்தார். நாற்பத்தொன்றாம் நாள் என் வீட்டில் ஜெபத்துக்குக் கூடினோம். முற்றத்தில் பந்தல், ஒரு சின்ன ஸ்பீக்கர். ஜெபமாலை பாதியில் இருக்கும்போது போலீஸ் வந்தது. வீட்டை அனுமதியில்லாமல் ஜெபக்கூடம் ஆக்குகிறார்கள் என்று மனுவாம். வந்த எஸ்.ஐ. நல்ல மனிதர். "மைக் ஆஃப் பண்ணினா போதும் சேச்சி" என்று தணிந்துதான் சொன்னார். ஆனால் ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள். அத்தனை பேருக்கு வைத்த கஞ்சியும் பயறும் அண்டாவோடு மிஞ்சியது. மறுநாள் குழி தோண்டிக் கொட்டினேன். மனுவில் யார் கையெழுத்து என்று நான் கேட்கவே இல்லை. எனக்குத் தெரியும்.

அதன் பிறகு மதிலுக்கு மேலே ஒன்றும் போகவில்லை. ஞாயிறுதோறும் நற்கருணை வாங்கினேன், வாரம் முழுக்க அவரை வெறுத்தேன். இரண்டையும் ஒரே நாக்கில் வைத்துக்கொள்ள எனக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை.

போன மழைக்காலத்தில் அவருடைய மகள் ரேஷ்மியின் பையனுக்கு வலிப்பு வரத் தொடங்கியது. ஆதித்யனுக்கு இரண்டு வயது. திருவனந்தபுரத்துக்குக் கொண்டு போனார்கள். மருந்தில் நின்றது, மறுபடி வந்தது. ஒரு நாள் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது மதிலுக்கு அந்தப் பக்கம் சோமண்ணன் வந்து நின்றார்.

"ப்ளோரன்ஸ், ஒரு காரியம் கேக்கணும். சும்மாவாக்கும். அந்தோணியாருக்கு அரிசி எடுக்கியது எப்படி?"

எனக்குக் கை நின்றுவிட்டது. விஷயம் இதுதான். சின்ன வயதில் அவருக்கும் இதே வலிப்பு வந்திருக்கிறது. அவருடைய அம்மை சத்தியபாய் சாலையோரத்தில் அந்தோணியாருக்கு இருக்கும் சின்னக் குருசடியில் மெழுகுதிரி கொளுத்தி நேர்ந்திருக்கிறாள். பிள்ளை பிழைத்து ஆளானால், அவனே பதினொரு வீட்டில் பிச்சையரிசி எடுத்து, கஞ்சி வைத்து, குருசடியில் எல்லோருக்கும் விளம்புவான் என்று. எங்கள் பக்கத்தில் இந்துக்கள் இப்படி நேர்வது புதிதில்லை. சாகும்வரை அம்மை கேட்டாள். மகன் அசையவில்லை.

"வெறுங்காலோட போவணும். முதல் பிடி அடுத்த வீட்டுல வாங்கணும்" என்றேன். என் மாமியார் சொல்லிக் கேட்டது. "அங்க கிட்டாட்டா பின்ன அந்த நேர்ச்சையே இல்ல. மத்த வீட்டுக்கும் போவப்பிடாது, திரும்பவும் எடுக்கப்பிடாது."

அவருக்கு அடுத்த வீடு என்னுடையது.

"உங்களுக்குத்தான் விசுவாசம் கிடையாதே, சோமண்ணா."

"விசுவாசம் இல்ல. பயம் உண்டு" என்றார். மதிலில் கை வைத்தபடி சர்ச் இருக்கும் திசையைப் பார்த்தார். "அங்க ஆளே இல்லன்னா, ஒருத்தன் முப்பது வருசம் சண்ட போடுவானா பிள்ளே?"

அடுத்த செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருக்கும், வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, சட்டையில்லாத உடம்பு, வெறுங்கால், கையில் புதுத் துணிப்பை. ஆட்டோக்காரர்கள் எல்லாம் பார்க்க, என் வாசலில் ஏறி நின்றார். தையல் மெஷினில் இருந்தபடி ஜன்னல் வழியே பார்த்தேன்.

"அந்தோணியாருக்கு அரிசி."

மைக்கில் ஊரையே எழுப்புகிற குரல் அது. அன்றைக்கு எனக்கே பாதிதான் கேட்டது.

எழுந்து போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தேன். அண்டாக் கஞ்சியைக் குழியில் கவிழ்த்தது நினைவுக்கு வந்தது. கையை எடுத்துவிட்டேன். முதல் வீட்டில் கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்தது என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். தெரிந்தே மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன். சந்தோஷமாகவும் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

மூன்று முறை கேட்டார். பிறகு படியிறங்கும் சத்தம். வேறு எந்த வீட்டுக்கும் அவர் போகவில்லை.

அந்தச் சந்தோஷம் மத்தியானச் சோறு வரைகூட நிற்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு பாத்திரம் நிறைய அரிசியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். ஒரு ஆம்ப்ளிஃபயரைத் திறந்து வைத்து ஒயர் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நான் குளிச்சிட்டு இருந்தேன் சோமண்ணா. கேக்கல."

அவர் நிமிரவில்லை. "கதவுக்குக் கீழ உனக்க காலு தெரிஞ்சு. அது போட்டும். நான் செய்ததுக்கு நீ செய்தே."

"இந்த அரிசி..."

"அது இப்ப வெறும் அரிசியாக்கும். கொண்டு போ."

ரேஷ்மி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, பாத்திரத்தைத்தான் பார்த்தாள்.

பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். எங்கள் சர்ச் அச்சன் படித்தவர். நேர்ச்சையரிசியெல்லாம் சபைச் சட்டம் இல்லை, அதனால் குழந்தைக்கு ஒன்றும் வராது என்று சொல்லி, மூன்று ஜெபமாலை சொல்லச் சொன்னார். அவர் சொன்னது சரிதான், டாக்டரும் அப்படித்தான் சொல்வார். ஆனால் பையனுக்கு வலிப்பு வந்து, மதிலுக்கு அப்பால் ரேஷ்மி "அப்பா" என்று அலறி ஓடும் சத்தம் கேட்டால் என் கால் இரண்டும் கதவுக்குப் பின்னால் போய் நின்றுவிடுகின்றன. சோமண்ணன் முப்பது வருடம் எழுதிய மனுக்களை எல்லாம் சேர்த்து வைத்தாலும், நான் அங்கே நின்ற ஐந்து நிமிடத்துக்கு ஈடாக வராது.

அதன் பிறகு அவர் ஒரு மனுவும் எழுதவில்லை. இந்த வருடம் அந்தோணியார் திருநாளுக்குக் கமிட்டி கேட்டதும் மைக் செட்டும் கொடுத்துவிட்டார். சோமனின் மனதை அந்தோணியார் மாற்றிவிட்டார் என்று ஊர் கொண்டாடியது. பந்தலுக்குப் பின்னால் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தவரிடம் நான் மட்டும் போய்க் கேட்டேன்.

"சோமண்ணா, இப்ப கோவம் ஒண்ணும் இல்லியா?"

"ஆருகிட்ட கோவம்?" என்றார். அவர் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். "அங்க ஆள் உண்டும்னு நெனச்சுல்லா இத்தற காலம் சண்ட போட்டேன். வந்து மூணு தடவ கூப்பிட்டுப் பாத்தாச்சு. ஆள் இல்ல."

திருப்பலி முடிவில் அச்சன், சோமன் சகோதரனின் மனமாற்றத்துக்காக அந்தோணியாருக்கு நன்றி சொல்வோம் என்றார். முழுக் கூட்டமும் ஆமென் என்றது. நானும் சொன்னேன்.