பொன்னாங்கண்ணிச் சாறும் பத்தியமும்

பொன்னாங்கண்ணிக் கீரையைச் சாறு பிழிந்து குடித்தால் கண்ணுக்கு நல்லது என்று இப்போது யாராவது சொன்னால் நான் மறுத்துப் பேசுவதில்லை. நல்லதுதான். கூடவே என்ன சாப்பிடுகிறாய் என்று மட்டும் கேட்பேன். அந்தக் கேள்வியை அன்றைக்கு யாராவது என்னிடம் கேட்டிருந்தால், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அந்த மழைக்காலம் எனக்கு வேறு மாதிரி போயிருக்கும்.

என் வீட்டுக்காரர் ரயில்வேயில் கேட் காவல். ரயில் வரும் நேரத்தில் சாலையை அடைத்து, தண்டவாளத்தில் மாட்டுவண்டியோ ஆளோ இல்லை என்று பார்த்துவிட்டு விளக்கைக் காட்ட வேண்டும். கல்யாணமாகி இரண்டாம் வருஷம் அவருக்கு மாலைக்கண் வந்தது. பகலில் ஒரு குறையும் இல்லை. பொழுது சாய்ந்துவிட்டால் விளக்கு தெரியும், அதைச் சுற்றி இருப்பது ஒன்றும் தெரியாது. ரயில்வே ஆட்களின் வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வாசலுக்குக் குறுக்கே துணி காயப்போடும் கம்பி போனது. வேலை முடிந்து வரும்போது அது அவர் கழுத்தில் அறுக்கும். அவிழ்த்துவிடலாம் என்றால் அது நாலு வீட்டுக்குப் பொதுவான கம்பி, ஏன் என்று கேட்பார்கள். அதனால் இருட்டும் நேரத்தில் நானே வெளியே வந்து, அவர் கையைக் கம்பியின் மேல் வைத்து, "குனிங்க" என்பேன்.

விஷயம் வெளியே தெரிந்தால் வேலை போகும், வேலையோடு வீடும் போகும். மறைத்தால் என்றைக்காவது ஒரு வண்டி ரயிலுக்கு அடியில் நசுங்கும். அவரோடு முறை மாற்றி வேலை பார்த்த மலாய்க்காரர் மட்டும் விஷயம் தெரிந்து, சாயங்கால முறையைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அதுவும் நோன்பு மாதம் பிறக்கும் வரைதான். நோன்பு திறக்கிற நேரத்துக்கு அந்த மனிதர் வீட்டில் இருக்க வேண்டாமா? அதற்குள் இவருக்குக் கண் திரும்பியாக வேண்டும்.

குழாயடி வாய்க்கால் ஓரத்தில் பொன்னாங்கண்ணி மண்டிக் கிடந்தது. விடிந்ததும் பறித்து, அலசி, அம்மியில் அரைத்து, பழைய வேட்டித் துணியில் வைத்துப் பிழிவேன். ஒரு சட்டி கீரைக்கு அரை டம்ளர் சாறுதான் வரும். சக்கையைக் கோழிக்குப் போட்டுவிட்டு, அவரை வெறும் வயிற்றில் குடிக்க வைப்பேன்.

"மாடு திங்கிறத மனுசனுக்குக் குடுக்கிறியே" என்பார்.

"மாடு கம்பியில இடிச்சிக்குதா? குடிங்க" என்பேன்.

மருந்து என்றால் பத்தியம் உண்டு. மீன், எண்ணெய், தேங்காய், புளி எதுவும் அடுப்படிக்கு வரவில்லை. வெள்ளைச் சோறு, உப்புப் போட்ட பருப்புத் தண்ணீர், அவ்வளவுதான். புருஷன் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, எதிரே உட்கார்ந்து மீன் முள்ளை உறிஞ்சுகிறவள் நான் இல்லை. அவருக்கு விதித்ததையே நானும் சாப்பிட்டேன். அப்போது எனக்கு வயிற்றில் ஐந்து மாதம். பக்கத்து வீட்டு அக்கா கண்டபடி திட்டினார். "அவருக்குச் சரியாகட்டும்க்கா, அப்புறம் நான் திங்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். சாயங்காலங்களில் எனக்கும் ஏதோ மங்கலாகத்தான் இருந்தது. அடுப்புப் புகை என்று நினைத்துக்கொண்டேன்.

நோன்புக்குப் பிறை பார்க்கும் நாள் நெருங்கியிருந்தது. ஒரு மாலை, செருப்புச் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தேன். "குனிங்க" என்று சொல்ல வாயெடுத்தேன்.

"குனிஞ்சி வந்துட்டேன் புள்ள" என்றது அவர் குரல், என் பக்கத்திலேயே. "கம்பி நல்லாத் தெரியுது. அதுல காயிற உன் சேலகூடத் தெரியுது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கையைப் பிடிக்க எட்டினேன், அகப்படவில்லை. இன்னும் ஓர் அடி வைத்தேன். கம்பி என் நெற்றியில் பட்டென்று இடித்தது.

அவர் என் நெற்றியைத் தடவிப் பார்த்தார். பிறகு, "எத்தன நாளா?" என்று கேட்டார். எனக்கே தெரியாததை நான் எப்படிச் சொல்வேன்?

உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்த பிறகுதான் சொன்னார். "முற மாறுறப்ப அந்த மலாய்க்காரர் கேட்டுக்குக் கொண்டாற சோத்துல தெனமும் நானும் கை வெச்சேன். தேங்காப்பால்ல வெச்ச திருக்க மீனு, ஈரலோட. சொன்னா நீ திட்டுவேன்னு சொல்லல."

கீரையின் சத்து எண்ணெய்ப் பசை இல்லாமல் உடம்பில் ஒட்டாது, மீன் ஈரலிலோ அதே சத்து கொட்டிக் கிடக்கிறது என்று ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் பின்னால் எங்களுக்கு விளக்கினார். எனக்கும் பிரசவத்துக்கு முன்பே கண் திரும்பியது. ஆனால் அன்றைக்கு எனக்கு வந்த கோபம் பத்தியத்தை முறித்ததற்காக இல்லை. தனியாக முறித்தாரே, அதற்காக. அதை அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

மறுநாள் காலையில் கீரை பறித்தது அவர். பிழிந்ததும் அவர்தான். சக்கையைக்கூடக் கோழிக்குப் போடாமல், பாசாரில் வாங்கி வந்த மீன் ஈரலோடு தேங்காய் எண்ணெயில் வதக்கி, என் முன்னால் வைத்து, நான் தின்று முடிக்கும் வரை எழுந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து சாயங்கால முறை மறுபடியும் அவருடையது. கிளம்புவதற்கு முன்னால் வாசல் கம்பியை அவிழ்த்துச் சுருட்டினார். நாலு வீட்டிலிருந்தும் ஏன் என்று கேட்டார்கள்.

"என் வீட்டுக்காரிக்குச் சாயங்காலம் கண்ணு தெரியல" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, வேலைக்குப் போனார்.