தலையாட்டினாங்க, நம்பிட்டேன்

அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில நான் சூப்பர்வைசர். "இங்க வேலைன்னா தமிழ் கத்துக்கணும்"னு பீகார் ஆளுங்ககிட்ட கறாரா இருப்பேன். தினம் காலையில பாதுகாப்பு விதியைத் தமிழ்லயே சொல்லி, "புரிஞ்சுதா?"ன்னு அதட்டுவேன். தலையாட்டுவாங்க.

மணி அடிச்சா சிமெண்ட் கொண்டுபோற பெல்ட் ஓடப்போகுதுன்னு அர்த்தம்; எல்லாரும் அதை விட்டு வெளிய வந்துடணும். அன்னைக்கு மூணு தடவை அடிச்சுட்டு சுவிட்சுல கை வச்சேன். பெல்ட்டுக்கு அடியில ஒரு கால் தெரிஞ்சுது. பீகார்ப் பையன் ராகேஷ் உள்ள உட்கார்ந்து சிமெண்டைச் சுரண்டிக்கிட்டிருந்தான்.

வெளிய இழுத்துப் போட்டு, "காலையில தலையாட்டுனியேடா!"ன்னு கத்துனேன்.

"புரியல சொன்னா... நீங்க திட்டும், சார்."

மறுநாள் மணியை அடிக்கச் சொல்லி, நானே பெல்ட்டுக்கு அடியிலருந்து வெளிய ஓடிக் காட்டினேன்.

தமிழ் கத்துக்கணும்னு இன்னைக்கும் சொல்றேன். கத்துக்கிற வரைக்கும் அவன் உயிரோட இருக்கணுமே.