சவரியம்மாளாக நான் இருந்த நாள்

காலையில் பேத்தியின் கைபேசி 'டிங்' என்றது. எடுத்துப் பார்த்துவிட்டு என் கண்ணுக்கு நேரே நீட்டினாள். "ஆச்சி, பிள்ளை ஸ்கூலுக்குப் போய்ச் சேந்துட்டாளாம். மெசேஜ் வந்திருக்கு." தங்கள் குழந்தை இன்று வருகை தந்துள்ளார் என்று எழுதியிருந்தது. மூக்கொழுகுகிற பொடிசுக்கு என்ன மரியாதை பாருங்கள்! சிரித்துக்கொண்டேதான் கண்ணாடியைக் கழற்றினேன். எண்பது வருஷமாக எனக்கு ஒரு தீராத வியாதி. வருகைப் பதிவு என்று யார் வாயில் வந்தாலும் சிவப்பு மையின் வாடை மூக்கில் ஏறும். பின்னாலேயே பாட்டாவும் வந்துவிடுவார்.

பாட்டா என்றால் அப்பாவைப் பெற்றவர். தூத்துக்குடிக்கு வடக்கே கடலோரத்தில் எங்கள் ஊர். அங்கே இருந்த ஒரே பள்ளிக்கூடத்துக்கு மேனேஜர், ஹெட்மாஸ்டர், வாத்தியார், மணியடிப்பவர் எல்லாம் அவர் ஒருத்தர்தான். ஓலைக் கொட்டகை, ஐந்து வகுப்பு, நாற்பது பிள்ளைகள். யுத்த காலம். காகிதம் கிடைக்காது. அப்பா கொழும்புத் தோணியில் போய் வந்துகொண்டிருந்தார். துறைமுகத்தில் கழித்துப் போட்ட சரக்குச் சீட்டுகளைக் கட்டாகக் கொண்டுவந்து தருவார். அதன் வெற்றுப் பக்கத்தில்தான் நாங்கள் பரீட்சை எழுதினோம். முன்பக்கம் கருவாடு இத்தனை மூட்டை, பின்பக்கம் அசோகர் சாலை ஓரத்தில் மரங்களை நட்டார். கருவாட்டு வாடை அடித்தாலும் அசோகர் கோபித்துக்கொள்ளவில்லை.

அந்த மனுஷருக்கு இருந்த சந்தோஷங்களைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். விடிந்ததும் மை மாத்திரையை வெந்நீரில் கரைப்பார். கரையக் கரைய எட்டிப் பார்த்துச் சிரிப்பார். பூவரச மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டை அடித்துவிட்டு, சத்தம் அடங்குகிற வரைக்கும் கண்ணை மூடி நிற்பார். "இந்தச் சத்தத்துக்குப் பிள்ளைய ஓடியாருது பாரு, அதுக்கு ஈடா ஒண்ணு சொல்லு பாப்பம்" என்பார். மத்தியானம் தலையெல்லாம் சாக்பீஸ் பொடியோடு சாப்பிட உட்கார்ந்து, எனக்கு மீன்முள்ளை எடுத்துக் கொடுத்துக்கொண்டே, அன்றைக்கு எவன் என்ன உளறினான் என்று அம்மாவுக்கு நடித்துக் காட்டுவார். அம்மா சிரித்துச் சிரித்து அகப்பையைக் கீழே போட்டுவிடுவாள். மாமனார் முன்னால் வாய்விட்டுச் சிரிக்கிற மருமகள் எங்கள் தெருவில் அவள் ஒருத்திதான்.

நான் மூன்று வயதிலிருந்தே அந்தக் கொட்டகையில் கிடந்தவள். முதலில் அவர் மடி, பிறகு ஒன்றாம் வகுப்புப் பெஞ்சு, பிறகு இரண்டாம் வகுப்பு என்று நானாகவே நகர்ந்துகொண்டேன். ரிஜிஸ்தரில் மட்டும் என் பெயர் ஏறவே இல்லை. அம்மா கேட்டால், "வீட்டுப் பிள்ளை எங்கன போவப்போவுது? வாற வருஷம் எழுதிக்கிடலாம்" என்பார். ஊர்ப் பிள்ளைகளின் பெயரை எல்லாம் முத்து முத்தாக எழுதிய கைக்கு என் பெயர் மறந்தே போனது.

மறந்ததில் ஒரு வசதியும் இருந்தது. சங்குக் குளி காலம் வந்தால், கடலில் முங்கிச் சங்கு எடுக்கிற குளியாட்கள் பெண்டு பிள்ளைகளோடு கீழவைப்பார் பக்கம் போய்விடுவார்கள். கொட்டகையில் பாதி காலி. சரியாக அந்த நேரத்தில்தான் இன்ஸ்பெக்டரின் வில்வண்டி வரும். வகுப்பில் தலை குறைந்தால் பள்ளிக்கூடத்தின் அங்கீகாரம் போய்விடும். ஆகையால் எந்த வகுப்பில் எந்தப் பெண் இல்லையோ அவளாக நான் உட்காருவேன். இரண்டாம் வகுப்பில் நான் லில்லிமேரி. நான்காம் வகுப்பில் அருளம்மாள். ஐயோ, அன்றைக்கு நடந்த கூத்து! "உங்கப்பா என்ன செய்கிறார்?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். "கொழும்புக்குத் தோணியில போறாவ" என்றேன் கம்பீரமாக. அருளம்மாளின் அப்பா செத்து இரண்டு வருஷம், ரிஜிஸ்தரில் மாமன் பெயர்தான் இருந்தது. பாட்டாவுக்கு வேர்த்து ஊற்றிவிட்டது. வீட்டுக்கு வந்து அதையும் நடித்துக் காட்டிச் சிரித்தோம். எனக்கு அது ஒரு விளையாட்டு, அவ்வளவுதான்.

ஐந்தாம் வகுப்பில் நான் சவரியம்மாள்.

இந்தத் தடவை உஷாராக இருந்தேன். "உள்ளேன் ஐயா" என்று எழுந்தேன். அப்பா சங்கு குளிக்கிறார் என்று தடுமாறாமல் சொன்னேன். புது இன்ஸ்பெக்டர், வெள்ளை மீசை. காற்று எத்தனை வகை என்று கேட்டார். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று நாலையும் சொல்லி, எது அடித்தால் தோணி கிளம்பும், எது அடித்தால் நங்கூரம் போடும் என்று சுவரில் தொங்கிய தேசப்படத்தில் விரலை வைத்துக் காட்டினேன். மனக்கணக்கு ஏழு கேட்டார். ஏழையும் சொன்னேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்துவந்து என் தலையில் கை வைத்தார். "வாத்தியாரே, இந்தப் பிள்ளையைக் கரையில் விட்டுவிடாதீர். டவுனில் தங்கிப் படிக்க உபகாரச் சம்பளத்துக்கு நான் எழுதுகிறேன்" என்றார். பாட்டாவின் முகத்தில் அன்று வந்த பூரிப்பு இருக்கிறதே, நான் செத்தாலும் மறக்க மாட்டேன். அடுத்த நொடி அது அப்படியே இறங்கியதையும் பார்த்தேன். ஏன் என்று அப்போது புரியவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. தூத்துக்குடியில் பெரிய பெண்கள் பள்ளி, தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் எல்லாம் இலவசம். பெயர்: சவரியம்மாள்.

பாட்டா இன்ஸ்பெக்டரிடம் போய் உண்மையைச் சொல்வார் என்று நான் காத்திருந்தேன். ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். அவர் மை கரைத்தார், மணி அடித்தார். எட்டாம் நாள் கீழவைப்பாரிலிருந்து திரும்பி வந்திருந்த சவரியம்மாளின் அப்பாவைக் கூப்பிட்டு, கடிதத்தை அவர் கையில் கொடுத்துவிட்டார். மரத்தடியில் நின்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"அது எனக்கு வந்தது, பாட்டா."

"தெரியும் மக்கா. உண்மையச் சொன்னா பள்ளிக்கூடத்தப் பூட்டிருவாவ. நாப்பது பிள்ளைய கரையில நிக்கும்."

"அப்ப நான் பிள்ளை இல்லியா?"

அவர், "ஊரான் பிள்ளைய ஊட்டி வளத்தா தன் பிள்ளை தானா வளரும்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். பழமொழி சொல்கிற நேரமா அது! வீட்டில் அம்மா அவருக்குச் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு அவர் முன்னால் அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

காசு கட்டிப் படிக்க வைக்கலாமே என்பீர்கள். யுத்தம் என்று தோணிகள் பாதி நாள் கரையில் கிடந்தன. காசு இருந்தாலும் என்ன, நான் படித்ததற்குச் சர்டிபிகேட் ஏது? சவரி தகரப் பெட்டியோடு வண்டி ஏறிய அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "நானாக் கேக்கலியே ஏட்டி, அவியளாத்தான் குடுத்தாவ" என்று அழுதாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அதனால் கோபம் முழுக்க ஒரே ஆள் பேரில் போய்ச் சேர்ந்தது.

ஜூனில் பாட்டா ஒருவழியாக ரிஜிஸ்தரில் என் பெயரை எழுதினார். மறுபடியும் ஐந்தாம் வகுப்பு. "இந்த வருசம் நீ நீயாவே இருந்து பதில் சொல்லு மக்கா. அதே இன்ஸ்பெக்டர் வந்தாலும் சரி, கேட்டா நான் உள்ளதச் சொல்லிருதேன். என்ன வந்தாலும் வரட்டும்" என்றார். மனுஷர் அதைச் சொல்லுவதற்குள் எத்தனை நாள் தூங்காமல் கிடந்தாரோ, இப்போது நினைக்கிறேன். அப்போது நினைக்கவில்லை. பத்து வயது வீம்பு லேசுப்பட்டதா?

இன்ஸ்பெக்டர் வந்தார். வேறு ஆள்தான். ரிஜிஸ்தரை விரித்து வரிசையாகப் படித்தார். என் பெயர் வந்தது. என் சொந்தப் பெயர், முதல் தடவையாக. நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் தரம் கூப்பிட்டார். பாட்டா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "சொல்லு மக்கா, சொல்லிரு" என்று உதட்டை அசைத்தார். நான் அவர் கண்ணை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "வரவில்லையா?" என்றார் இன்ஸ்பெக்டர். பாட்டா சிவப்பு மையைத் தொட்டு, எதிரே இருந்த எனக்கு ஆப்சென்ட் போட்டார்.

அதற்குப் பிறகு நான் கொட்டகைப் பக்கமே போகவில்லை; அத்தோடு என் படிப்பு முடிந்தது. இரண்டு வருஷத்தில் பாட்டாவும் போய்விட்டார். அடக்கம் செய்த அன்று ஊரே அழுதது, நான் அழவில்லை. கொட்டகை இருந்த இடத்தைக் கடல் அரித்துக்கொண்டு போய்விட்டது. பூவரச மரம் நின்ற இடத்தில் இப்போது படகு கட்டுகிறார்கள். குளியாட்கள் பிள்ளைகுட்டியோடு கீழவைப்பாருக்குப் போகிற வழக்கமும் இல்லை.

பாட்டா எனக்குச் செய்தது துரோகம்தான். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் அன்றைக்கு "உள்ளேன் ஐயா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இப்போது சொல்லலாம் என்றால், கூப்பிட ஆள் இல்லை.