வாழையை எத்தனை எட்டில் நடுவது

எங்கள் ஊரில் இப்போது வேட்டை என்று ஆடினால் வாழை மரத்தைத்தான் ஆட முடியும். மயில் கூட்டமாக இறங்கித் தக்காளியைக் கொத்திவிட்டுப் போனாலும் கை தட்டலாம், அவ்வளவுதான். காட்டுப்பன்றி வந்தால் கை தட்டவும் பயம், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். ஆனால் சரஸ்வதி பூசைக்கு மறுநாள் எங்கள் சாமி குதிரை வாகனத்தில் வேட்டைக்குப் புறப்படும். கோயில் திடலில் ஒரு வாழையை நட்டு, அதுதான் அரக்கன் என்பார்கள். நாற்பது எட்டு எடுத்துவைத்துத் தள்ளி நின்று மூங்கில் வில்லால் அதன்மேல் அம்பு விடவேண்டும். அம்பு சேர்வை என்று பெயர். அம்பு விடுகிற உரிமை என் வீட்டுக்காரருடையது.

அம்பு பட்டதும் சாமி மாலையிலிருந்து கிள்ளியெடுத்த முதல் பூ, விட்டவரின் மனைவிக்கு. மாமனார் காலமான வருடத்திலிருந்து அது என் தலைக்குத்தான் வந்தது. பூ மார்க்கெட்டில் கிடைக்காதா என்றால், முழம் முழமாகக் கிடைக்கும். ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நிற்க, அதை மார்க்கெட்டில் யாரும் கொடுப்பதில்லை.

போன வருடம் பூசைக்கு முன்னால் அவர் வில்லைத் துடைத்து நாணேற்றிப் பார்த்தார். தோள் நன்றாகத்தான் இருந்தது. வலது கை விரல்களில்தான் நாண் நிற்கவில்லை, நழுவி நழுவிப் போனது. சர்க்கரை வந்து விரல்களில் உணர்ச்சியைக் கொண்டுபோயிருந்தது. அவர் வில்லை மறுபடி துடைத்தார். நான் உடனே எங்கள் பங்காளியை, அதாவது அவருடைய சித்தப்பா மகனை நினைத்தேன். இவர் கைவிட்டால் அடுத்த உரிமை அவருக்கு. அவரைக்கூட அல்ல, உண்மையைச் சொன்னால் அவர் மனைவியின் கொண்டையைத்தான் நினைத்தேன்.

மறுநாளே பஸ் ஏறிக் கோயமுத்தூர் போனேன். கோட்டைமேட்டில் தோல் வேலை செய்கிற பாய் ஒருவர் இருக்கிறார், எங்கள் வீட்டு பெல்ட்டெல்லாம் அவர் தைத்ததுதான்.

"ஏனுங்க பாய், மணிக்கட்டுல கட்டற மாதிரி ஒரு வாரு வேணுமுங்க. அதுல ஒரு கொக்கி. இழுத்தா புடிச்சுக்கோணும், கட்டைவெரல்ல அமுக்குனா விட்டுறோணும்."

"யாரைம்மா புடிச்சு இழுக்கப் போறீங்க? ஐயாவையா?"

"அவரு நாப்பது வருசமா புடிச்ச புடியிலதான் இருக்காருங்க. இது வில்லுக்கு."

சிரித்தார். வில் பழகுகிற பிள்ளைகளுக்கு இதே மாதிரி கடையில் விற்கிறது, ஆனால் தோல் நம்முடையது போல வராது என்றார். ஒரே வாரத்தில் தைத்துக் கொடுத்தார்.

வீட்டுக்காரர் அதைத் தொடக்கூட இல்லை.

"இதென்ன புள்ள, மாட்டுக்கு மூக்கணாங்கயிறா? சின்ன வயசுல முசலு வேட்டைக்குப் போனப்ப நாங்க எதக் கட்டிட்டுப் போனோம்? வேட்டைக்காரனுக்கு வெரல்ல நாணு தெரியோணும்."

"இப்பத் தெரியுதுங்களா?"

வாரை பீரோவில் வைத்தேன்.

வார் வந்த சேதி எனக்கு முன்னால் கோயிலுக்குப் போய்விட்டது. கமிட்டி கூடியது, என்னையும் கூப்பிட்டார்கள். மேளம் அடிக்க ஆளில்லாமல் கரண்டில் தானாக அடிக்கிற மிஷின் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார்கள். அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, கருவி கூடுமா கூடாதா என்று பேசினார்கள்.

பங்காளி என்னை நங்கை என்றுதான் கூப்பிடுவார், அண்ணன் மனைவி என்கிற மரியாதை. "நங்கை தப்பா நெனைக்கக் கூடாதுங்க. சாமி காரியம். வெறுங்கையில விட்டாத்தான் அது அம்பு. கொக்கி விட்டா அது கொக்கியோட அம்புங்க."

"அப்பக் கண்ணாடி போட்டுட்டுப் பாத்தா அது கண்ணாடிக் கடைக்காரரு பார்வைங்களா, கொழுந்தனாரே?"

பங்காளி தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். கமிட்டித் தலைவர் கையமர்த்தினார். "கண்ணாடி உடம்போட சேர்ந்ததுங்க அம்மணி."

"கழட்டுனா கையோட வருதுங்களே."

தலைவர் முழங்கால் முட்டி இரண்டையும் ஆபரேஷனில் மாற்றிக்கொண்டவர். அதைப்பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை, பெரிய மனிதர். கடைசியில் கோயில் சுவரில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். அம்பு விடுபவர் கையிலோ கண்ணிலோ எந்தக் கருவியும் அணியக் கூடாது. யாருக்கும் மனக்குறை இல்லாமல் இரண்டு பேரையும் கட்டிப்போட்டாயிற்று.

நான் மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துக் கூட்டிப் படித்ததால் ஒரு சொல்லும் தப்பவில்லை. தூரத்தைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை.

தலைவரைத் தனியாகப் பார்த்தேன். "ஏனுங்க, வாழைய இத்தனை எட்டுலதான் நடோணும்னு எங்காச்சும் எழுதியிருக்குதுங்களா?"

அவர் முகம் தெளிந்துவிட்டது. முதலில் இருபது எட்டு என்றார். இருபதில் கண்ணாடி இல்லாமல் வாழையும் ஆளும் ஒன்றாகத் தெரியும், நாளைக்குத் தான் விடவேண்டி வந்தால் என்ன செய்வது என்று சேதி கேட்டு வந்த பங்காளி சொல்ல, பத்து ஆனது. பத்தில் விரல் வலுவில்லாத அம்பு போய்ச் சேராது என்று நான் சொல்ல, ஐந்து ஆனது. கருவி வைத்துக்கொண்டு வேட்டைக்குப் போவதுதான் குற்றம். அரக்கனையே நடத்திக் கூட்டிவந்து முன்னால் நிறுத்தினால் ஒருவருக்கும் ஆட்சேபம் இல்லை. வீட்டில் நான் மூச்சு விடவில்லை.

வேட்டை நாளன்று வீட்டுக்காரர் தலைப்பாகை கட்டி, வில்லோடு திடலுக்கு வந்தார். ஐந்து எட்டில் வாழை நின்றது.

"இதென்னங்க, வாழ நம்மகிட்ட வழி கேக்க வந்துச்சா?"

"உங்களுக்குச் சௌகரியமாட்டு இருக்கட்டும்னு சித்த கிட்டக்க நட்டோமுங்க" என்றார் தலைவர்.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் குதிரை வாகனத்தைப் பார்த்தேன்.

அவர் திரும்பி நடந்தார். வாய்விட்டு எண்ணிக்கொண்டே நாற்பது எட்டு. அங்கே நின்று மடியிலிருந்து எதையோ எடுத்தார். பாய் தைத்த வார். பீரோவில் இருக்கிறது என்றல்லவா நினைத்திருந்தேன். தோல் வியர்வை குடித்துக் கறுத்திருந்தது. சாயங்காலம் தண்ணீர் கட்டப் போகிறேன் என்று அவர் தினமும் தோட்டத்துக்குப் போனது அப்போதுதான் உறைத்தது. எங்கள் மோட்டார் போனிலேயே ஓடும், போனிலேயே நிற்கும்.

"அண்ணா, எழுதிப் போட்டிருக்குதுங்க!" என்று பங்காளி கத்தினார்.

"எழுதுனத நீ படி. கண்ணாடி போட்டுட்டுப் படி."

கொக்கியை மாட்டி இழுத்து விட்டார். அம்பு நடுவில் படவில்லை. ஓரத்துப் பட்டையைக் கிழித்துக்கொண்டு நின்றது. சனம் ஓ என்று கத்தியது. தலைவர் கும்பிட்டபடி வந்தார். "அம்பு என்னமோ நல்ல அம்புதானுங்க. ஆனா கமிட்டி முடிவு ஒண்ணு இருக்குதுங்களே. இங்க வந்து ஒருக்கா வெறுங்கையில விட்டுட்டீங்கன்னா..."

"கட்டிப்போட்ட முசல அடிக்கறதுக்கு நான் எதுக்குங்க?" என்று சொல்லி வில்லைப் பங்காளியிடம் நீட்டிவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பங்காளி கண்ணாடியைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார். தலைவர் அவரை முழங்கையைப் பிடித்துக் கூட்டிவந்து வாழைக்கு முன்னால் நிறுத்தினார். அம்பு பட்டது. படாமல் எங்கே போகும்?

முதல் பூ பங்காளியின் மனைவிக்கு, என் ஓரகத்திக்குப் போனது. அவள் கெட்டவள் அல்ல. நேராக என்னிடம் வந்து, "அக்கா, பாதியக் கிள்ளித் தாரேன், வெச்சுக்கோங்க" என்றாள்.

"அஞ்சு எட்டுப் பூவ நீயே வெச்சுக்க கண்ணு."

சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. முதல் பூவுக்கு இடம் வேண்டுமென்று வேட்டையன்று நான் வேறு பூ வைக்காமல் வருவது வழக்கம். வெறுந்தலையோடு அவர் பின்னால் நடந்தேன்.

பாதி வழியில் கேட்டார். "வாழையக் கிட்டக்க நடற யோசனை யாரோடது?"

"கமிட்டிதானுங்க."

"அவிங்களுக்கு அத்தனை மூளை ஏது?"

அது பாராட்டா வசவா என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசைதான். கேட்டால் மாட்டிக்கொள்வேன் என்று வாயை மூடிக்கொண்டேன்.